அரமும் தராசும்

அமெரிக்க ராணுவத்தில் பல ஆண்டுகள் உழைத்த ஒரு பழைய .45 கைத்துப்பாக்கியைக் குலுக்கிப் பார்த்தால் உள்ளே கடகடவென்று சத்தம் கேட்கும். ஏதோ மறை கழன்றிருக்கிறது என்று தோன்றும். ஒன்றும் கழன்றிருக்காது. யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் 1855இல் பிறந்த ஜான் மோசஸ் பிரௌனிங் வடிவமைத்த துப்பாக்கி இது. 1911 மார்ச்சில் ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது. அதற்கு முந்தைய சோதனையில் 6,000 தோட்டாக்களைத் தடங்கலின்றிச் சுட்டுத் தேறியது. சேறும் மணலும் புகுந்தாலும் சுட வேண்டும். ஒன்றின் உதிரிபாகத்தைக் கழற்றி இன்னொன்றில் மாட்டினாலும் பொருந்த வேண்டும். அதற்குப் பாகங்களுக்கிடையே கொஞ்சம் தளர்வு தேவை. ராணுவத்துக்குத் தேவையான அதே தளர்வுதான் குறிபார்த்துச் சுடும் போட்டிக்காரருக்குத் தீராத தொல்லை.

காரணம் எளிது. குறி பார்க்கும் முனைகள் இரண்டும் துப்பாக்கியின் மேற்பகுதியான ஸ்லைடில் இருக்கின்றன. குண்டு போவதோ ஸ்லைடுக்குள் இருக்கும் பேரல் வழியாக. ஒவ்வொரு முறை சுடும்போதும் பேரலின் பின்பகுதி கீழே இறங்கி, ஸ்லைடு பின்னுக்குப் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு திரும்புகிறது. திரும்பும்போது பேரல் பழைய இடத்திலேயே வந்து உட்கார்ந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு மயிரிழை விலகினாலும் கண் பார்க்கும் திசை வேறு, குண்டு போகும் திசை வேறு.

ஒஹாயோ மாநிலத்தில் ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெர்ரி என்ற ராணுவப் பயிற்சித் திடல் இருக்கிறது. 1907 முதல் அமெரிக்கத் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகளுக்குப் பேர்போன இடம். மரபான கைத்துப்பாக்கிப் போட்டியில் ஒரே கையை நீட்டிச் சுட வேண்டும். தூரம் 50 கெஜம் வரை, அதாவது ஏறக்குறைய 46 மீட்டர். பத்து மதிப்பெண் தரும் வட்டத்தின் விட்டம் எட்டரை சென்டிமீட்டர். கடகடக்கும் துப்பாக்கியை இரும்புப் பிடியில் இறுக்கி வைத்துச் சுட்டாலும் எல்லாக் குண்டுகளும் அந்த வட்டத்துக்குள் விழா. அதனால் போட்டிக்காரர்கள் அரத்தை எடுத்தார்கள்.

ராணுவமே தன் போட்டி அணிக்காகத் தனிப் பட்டறை வைத்துத் துப்பாக்கிகளைத் திருத்தியது. வெளியில் லூசியானாவின் ஜிம் கிளார்க் போன்றவர்கள் பெயரெடுத்தார்கள். 1958இல் தேசிய சாம்பியன் பட்டத்தை வென்ற அவரே ஒரு துப்பாக்கிக் கம்மியர். வேலை சொல்லும்போது எளிமையானது. ஸ்லைடு ஓடும் தண்டவாளத்தை நுட்பமாகத் தட்டி இறுக்கி, அரைப்புப் பசை தடவி, இரண்டும் ஒட்டி உறவாடும் வரை கையால் முன்னும் பின்னும் ஓட்டுவார்கள். பேரலின் முனையைத் தாங்கும் வளையத்தைப் புதிதாகக் கடைந்து பொருத்துவார்கள். பேரலின் முதுகில் உள்ள பற்கள் ஸ்லைடின் குழிகளில் சமமாக உட்காருகின்றனவா என்று பார்க்கக் கரி அல்லது சாயம் பூசுவார்கள். சாயம் அழிந்த இடத்தில் உரசல், அங்கே ஒரு இழுப்பு அரம், மறுபடி சாயம். ஓர் இழுப்பு கூடிப்போனால் விலை உயர்ந்த பேரல் குப்பைக்குப் போகும்.

பிடியின் முன்புறத்தில் கை வழுக்காமலிருக்கச் சிறுசிறு வைர வடிவங்கள் வெட்டுவது இன்னொரு வேலை. அங்குலத்துக்கு 20 கோடுகள், 30 கோடுகள் என்று அரத்தாலேயே வெட்டுகிறார்கள். வளைந்த பரப்பில் அந்தக் கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓட வேண்டும். இந்தத் தொழிலில் ஒருவரின் கைத்திறனை எடைபோடச் சகதொழிலாளிகள் முதலில் பார்ப்பது இந்த இடத்தைத்தான் என்பார்கள். ஆர்கன்சா மாநிலத்தின் பெரிவில் ஊரில் குடும்ப நகைக்கடையில் கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்த பில் வில்சன், 1977இல் அதே கடையின் பின்பக்கத்தில் இந்த வேலையைத் தொடங்கியது தற்செயல் அல்ல. அது இன்று உலகம் அறிந்த நிறுவனம்.

விசையை இலகுவாக்குவதும் உண்டு. அதில் போட்டி விதி குறுக்கே நிற்கிறது: .45 துப்பாக்கியின் விசையில் மூன்றரை பவுண்டு எடையைத் தொங்கவிட்டுத் தூக்கும்போது அது விழக்கூடாது. விதி இல்லாவிட்டாலும் அளவு மீறக்கூடாத வேலை இது. அதிகம் தேய்த்த விசையில், ஸ்லைடு மூடிய அதிர்ச்சிக்கே தோட்டா வெடித்துவிடும்.

இப்படி இறுக்கிய துப்பாக்கியில் ராணுவத் தோட்டாவைப் போட்டால் பாதிப் பயன்தான். ராணுவக் குண்டின் எடை 230 கிரெயின், அதாவது 15 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வினாடிக்கு ஏறக்குறைய 250 மீட்டர் வேகம். எதிரியை வீழ்த்த அந்த வேகம் வேண்டும்; காகிதத்தைத் துளைக்க வேண்டாம். ஒற்றைக் கையால் பத்து வினாடியில் ஐந்து முறை சுடுகிறவருக்கு உதைப்பு குறைந்தால் நல்லது. அதனால் அவர்கள் 185 அல்லது 200 கிரெயின் எடையில், தட்டை மூக்கும் கூரான தோளும் கொண்ட குண்டை, குறைந்த வெடிமருந்தோடு பயன்படுத்துகிறார்கள். அந்தத் தோள் காகிதத்தில் வட்டமாகச் சுத்தமான ஓட்டை போடும்; மதிப்பெண் எண்ணுகிறவர் கண்ணாடி தேட வேண்டியதில்லை.

இங்கேதான் முடிச்சு. மருந்தைக் குறைத்தால், 16 பவுண்டு ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்லைடு முழுதாகப் பின்னுக்குப் போகாது. எனவே இலகுவான ஸ்பிரிங் மாட்ட வேண்டும். பிரௌனிங் உருண்டை மூக்குக் குண்டை மனதில் வைத்துச் செய்த ஏறுபாதையில் தட்டை மூக்கு இடறும். எனவே அந்தப் பாதையைத் திருத்த வேண்டும். துப்பாக்கியைத் தோட்டாவுக்கு ஏற்பவும் தோட்டாவைத் துப்பாக்கிக்கு ஏற்பவும் மாறிமாறித் திருத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இரண்டு பொழுதுபோக்காகத் தெரிவது, செய்கிறவர்களுக்கு ஒரே வேலை.

தோட்டா என்பது நான்கு பொருள்கள் சேர்ந்தது: பித்தளைக் கூடு, அதன் அடியில் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. தீபாவளிக்குப் பிள்ளைகள் பொம்மைத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் பொட்டுக் கேப்பைப் போன்றதுதான் பிரைமர், அடித்தால் தீப்பொறி. சுட்ட பிறகு மருந்தும் குண்டும் போய்விடும், பிரைமர் செத்துவிடும். 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த அந்தக் கூடு மட்டும் கையில் மிஞ்சும். நான்கில் விலை அதிகமானது பெரும்பாலும் அதுதான். வெடிக்கும்போது உப்பி அறைச் சுவரோடு ஒட்டி வாயுவை அடைப்பதும், அழுத்தம் தணிந்ததும் சற்றே சுருங்கி வெளியே வந்துவிடுவதும் பித்தளையின் குணம். அந்தக் குணத்தால்தான் அதை மறுபடி மறுபடி நிரப்ப முடிகிறது.

இதில் வரலாறு ஒரு வேடிக்கை செய்திருக்கிறது. 1860களில் அமெரிக்கரான ஹைரம் பெர்டான் ஒரு பிரைமர் அமைப்பையும் ஆங்கிலேயரான எட்வர்டு பாக்ஸர் இன்னொன்றையும் உருவாக்கினார்கள். ஐரோப்பிய ராணுவங்கள் பெரும்பாலும் அமெரிக்கரின் அமைப்பை எடுத்துக்கொண்டன. அமெரிக்காவில் ஆங்கிலேயரின் அமைப்பு நிலைத்தது. பாக்ஸர் அமைப்பில் கூட்டின் அடியில் நடுவாக ஒரே துளை. உள்ளிருந்து ஒரு கம்பியை விட்டு அழுத்தினால் செத்த பிரைமர் கழன்று விழும். பெர்டான் அமைப்பில் ஓரமாக இரண்டு சிறு துளைகள், கம்பி நுழையாது. வீட்டில் தோட்டா நிரப்பும் பழக்கம் அமெரிக்காவில் இவ்வளவு வேரூன்றியதற்கு அந்த ஒற்றைத் துளையும் ஒரு காரணம்.

வேலை இப்படி நடக்கும். பொறுக்கி வந்த காலிக் கூடுகளை, நொறுக்கிய வால்நட் ஓட்டோடு அல்லது மக்காச்சோளச் சக்கைத் தூளோடு ஓர் அதிரும் பாத்திரத்தில் போட்டால் சில மணி நேரத்தில் பளபளவென்று வரும். அடுத்து, மேசையில் முடுக்கிய பிரஸ்ஸில் கைப்பிடியை இழுத்துக் கூட்டை டை என்ற அச்சுக்குள் செலுத்துவார்கள். உப்பிய கூடு பழைய அளவுக்குச் சுருங்கும், பழைய பிரைமர் விழும். புதுப் பிரைமர், வாயைச் சற்று விரித்தல், மருந்து, குண்டு, கடைசியில் வாயை இறுக்குதல். .45 தோட்டா அறைக்குள் தன் வாய் விளிம்பை ஊன்றித்தான் நிற்கிறது. அதனால் விளிம்பை உள்ளே சுருட்டிவிடக் கூடாது, நேராக ஒடுக்க வேண்டும். புதியவர்கள் சறுக்கும் இடங்களில் இதுவும் ஒன்று.

மருந்தை நிறுக்கும் அலகும் கிரெயின்தான். 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. கிரெயினில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஆறரை மில்லிகிராம் வரை காட்டும் தராசு மேசையில் இருக்கும். புகையில்லா மருந்து பிரான்சின் பால் வியேல் 1884இல் கண்டது. திறந்த வெளியில் கொளுத்தினால் சுடர்விட்டு எரியும், அவ்வளவே. அடைபட்ட இடத்தில் அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறும். பருக்கையின் அளவையும் வடிவத்தையும் மாற்றி அந்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். இதன் இன்னொரு கிளையான கார்டைட்டை நம்மவர்களுக்குப் பெயராவது தெரியும்: ஊட்டி மலை ரயில் குன்னூரும் வெலிங்டனும் தாண்டியதும் வரும் அருவங்காட்டில், வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அதற்கென்றே ஒரு தொழிற்சாலை இருக்கிறது.

இந்தப் பொழுதுபோக்கின் பெரிய பெயர்கள் பலவும் சமையலறை மேசையிலும் கொட்டகையிலும் தொடங்கியவை. கலிபோர்னியாவின் ஓரோவில்லில் குடும்பச் சலவைக் கடையில் வேலை செய்த ஃபிரெட் ஹன்டிங்டன், போர்க்காலத்தில் குண்டு கிடைக்காததால், சுட்ட .22 கூடுகளையே குண்டுக்கு மேலுறையாக அழுத்தும் கருவியை 1943இல் செய்தார், ஆர்.சி.பி.எஸ். நிறுவனம் அதிலிருந்து வந்தது. ஐடஹோவின் மாட்டுப்பண்ணைக்காரர் எல்மர் கீத், ரிவால்வர் தோட்டாக்களில் கனத்த குண்டும் கூடுதல் மருந்தும் இட்டுப் பார்த்தபடியே இருந்தார். ஒரு .45 ரிவால்வர் வெடித்துச் சிதறிய பிறகு, அறைச் சுவர் தடித்த .44க்கு மாறினார். அவருடைய விடாப்பிடியான வற்புறுத்தலால் 1950களின் நடுவில் .44 மேக்னம் பிறந்தது. பழைய துப்பாக்கிகளில் அது நுழைந்து விபத்தாகாமலிருக்க, கூட்டை வேண்டுமென்றே சற்று நீளமாக்கினார்கள்.

கீத்துக்கு நேர்ந்தது யாருக்கும் நேரலாம். போட்டிக்கான மருந்து .45 கூட்டில் பாதியைக்கூட நிரப்பாது. கவனம் சிதறி ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுந்தாலும் குண்டு அமைதியாக உட்கார்ந்துகொள்ளும். .45 தோட்டாவுக்கு அமெரிக்காவில் வகுத்திருக்கும் அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 21,000 பவுண்டு. இரட்டை மருந்து அதைத் தூக்கி எறிந்துவிடும். மருந்தே விழாமல் போவதும் ஆபத்துதான். பிரைமரின் பலத்தில் மட்டும் குண்டு கிளம்பிப் பேரலின் நடுவில் சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் பேரல் பிளக்கும். அதனால் அனுபவசாலிகள் குண்டை வைக்குமுன் ஒவ்வொரு கூட்டிலும் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். மேசையில் ஒரே ஒரு மருந்து டப்பா. அருகில் தொலைக்காட்சி கிடையாது. அச்சிட்ட கையேட்டின் குறைந்த அளவிலிருந்து தொடக்கம். ஈயத்தூள் படிந்த கையோடு சாப்பிடுவதும் கிடையாது.

செலவு மிச்சம் என்று சொல்லித்தான் பலரும் தொடங்குகிறார்கள். கடைசியில் அதே பணத்துக்கு இரண்டு மடங்கு சுடுகிறார்கள். 2020, 2021இல் பிரைமரே கிடைக்காமல் போனபோது மட்டும், பெட்டி பெட்டியாக வாங்கி வைத்திருந்தவர்களின் கணக்கு சரியாக வந்தது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப உரிமம் வேண்டாம், விற்பதற்குத்தான் வேண்டும். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதும் துப்பாக்கியை மாற்றியமைப்பதும் குற்றம். துப்பாக்கிக்கு அமெரிக்கா கொடுத்துக்கொண்டிருக்கும் விலையைப் பார்த்தால், நம் சட்டம் இறுக்கமாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை.

1970களில் ஓடிக்கொண்டே சுடும் போட்டிகள் வந்தபோது எல்லோரும் மருந்தைக் குறைத்து ஏமாற்றப் பார்ப்பார்கள் என்பது அமைப்பாளர்களுக்குத் தெரிந்திருந்தது. அதைத் தடுக்க ஓர் அளவு வைத்தார்கள்: குண்டின் கிரெயின் எடையை வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது ஆற்றல் எண். 200 கிரெயின் குண்டு 825 அடி வேகத்தில் போனால் 165. அமெரிக்கப் போட்டிகளில் இன்று மேல்பிரிவுக்கு அதுதான் எல்லை. வீட்டில் நிரப்பிய தோட்டாக்களில் சிலவற்றை நடுவர் கேட்டு வாங்கி, குண்டைப் பிரித்து நிறுத்து, மற்றவற்றை வேகமானியின் முன் சுட்டுப் பார்ப்பார். குளிரில் மருந்து சோம்பி 164 வந்தாலும் கீழ்ப்பிரிவின் மதிப்பெண்தான். 125க்கும் கீழே போனால் போட்டி முழுவதும் சுட்டது கணக்கில் வராது.