இறப்பர் முனைச் சிற்பக் கருவிகள்: தெரிவும் பராமரிப்பும்

களிமண் சிற்ப வேலையில் கம்பிக் கருவி மண்ணைச் சுரண்டி எடுக்கும். மரக்கருவி அழுத்தி உருவம் கொடுக்கும். இறப்பர் முனைக் கருவி அவை விட்ட கீறல்களை நீவி மேற்பரப்பை ஒப்பரவாக்கும். கண்ணிமை, மூக்கோரம், உதடுகள் சேருமிடம் என விரல் நுழையாத இடங்களில் அது வளைந்து கொடுத்து வேலை செய்யும்.

பெயரில் இறப்பர் இருந்தாலும், இன்று விற்பனையாகும் முனைகளில் பெரும்பாலானவை சிலிக்கோனால் ஆனவை. இறப்பர் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கும் இயற்கை இறப்பர் எண்ணெய் பட்டால் ஊதிப் பிசுபிசுக்கும், வெயிலில் வெடிக்கும். சிலிக்கோன் எண்ணெய்க் களியையும் பொலிமர் களியையும் தாங்கும். அவற்றில் எளிதில் ஒட்டாது. ஆகவே வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது முனையின் மூலப்பொருள்.

அடுத்தது கடினம். ‘கலர் ஷேப்பர்’ எனப்படும் சிலிக்கோன் முனைக் கருவிகளில் முனையின் நிறமே இதைக் காட்டும்: தந்த வெள்ளை மென்மையையும், சாம்பல் கடினத்தையும், கறுப்பு மிகுந்த கடினத்தையும் குறிக்கும். ஈரக் களிமண்ணுக்கு மென்முனை போதும். இறுகிய எண்ணெய்க் களிக்குக் கடின முனை வேண்டும். வடிவங்களில் கூம்பு முனை மடிப்புகளுக்கும், தட்டை உளி முனை பரந்த இடங்களுக்கும், சரிவு உளி முனை ஓரங்களுக்கும் ஏற்றவை. தொடக்கத்தில் நடுத்தர அளவில் ஒரு கூம்பும் ஒரு சரிவு உளியும் போதும். முனையை விரலால் வளைத்து விட்டால் உடனே நிமிர வேண்டும். விளிம்பில் அச்சுத் தழும்பு இருந்தால் அது களியில் கோடு போடும்.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கல்லடியில் இயங்குகிறது. கல்லடி போன்ற கிழக்குக் கரையோரப் பகுதிகளில் சிற்பம் பயில்வோர் காலநிலையையும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் களிமண் விரைவில் காயும். காய்ந்த மண்ணில் முனை வழுக்காமல் இழுபடும். மண்ணை இலேசாக நனைத்த பின்பே நீவ வேண்டும். மாரியில் மரப்பிடி ஈரம் குடித்து ஊதும். வாவியோர உப்புக் காற்றில் உலோகப் பூண் துருப்பிடிக்கக்கூடும். கழுவிய கருவியைத் துடைத்து நிழலில் உலர்த்த வேண்டும். கோயில் சிற்ப வேலையின் சீமெந்துச் சாந்துக்கு இக்கருவி ஏற்றதல்ல. மணல் முனையைத் தேய்த்துவிடும். அதற்கு மேசன் கரண்டியே பொருத்தம்.

களிமண்ணை அது காயுமுன் தண்ணீரில் கழுவ வேண்டும். எண்ணெய்க் களியைத் துணியால் துடைத்து, சவர்க்காரமும் இளஞ்சூட்டு நீரும் கொண்டு சுத்தம் செய்யலாம். தின்னர், பெற்றோல் போன்றவை சிலிக்கோனை ஊதச் செய்யும். இறுகாத சிலிக்கோன் அச்சுக் கலவை முனையில் பட்டால் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். கத்தி, கம்பிக் கருவிகளோடு சேர்த்து வைத்தால் விளிம்பு கிழியும். பெட்டியில் நெருக்கி வைத்தால் முனை கோணும். முனையை மேலே வைத்துத் தனிக் குவளையில் நிறுத்துவது நல்லது.

கழன்ற முனையைச் சாதாரணப் பசை பிடிக்காது. சிலிக்கோன் சீலன்ற் பிடிக்கும். தட்டை உளியின் விளிம்பில் சிறு கிழிசல் இருந்தால் கூரிய பிளேட்டால் ஒரே வெட்டில் சீராக்கலாம். ஆழமாகக் கிழிந்த முனையை நுண்வேலையிலிருந்து நீக்கி, புதிய முனை மாற்ற வேண்டும்.