தீவகத்து வீதிகளும் மழைநீரும்

வீதியைக் கெடுப்பது எது என்று வினவினால், பாரவண்டி என்றே பலரும் விடை கூறுவர். ஆனால் வீதியின் முதற் பகை அதன் அடியில் தேங்கும் நீரே. உலர்ந்த மண் பாரத்தைத் தாங்கும். ஊறிய மண் நெகிழும். மண் நெகிழ்ந்தால் மேலுள்ள கல்லும் தாரும் வெடித்துப் பள்ளமாகும். 1816ஆம் ஆண்டில் பிறிஸ்ரல் நகரின் வீதிப் பொறுப்பை ஏற்ற ஜோன் மக்கடம் வற்புறுத்திய உண்மை இதுவே.

ஆதலின் வீதி அமைப்போர் முதலில் நீருக்கு வழி வகுப்பர். வீதியின் நடுவை உயர்த்தி இருபுறமும் சரிவு விடுவர். தார் வீதிக்கு 40 அடிக்கு 1 அடி வீதம் சரிவு போதும். சரளை வீதிக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஓரத்தில் வாய்க்காலும் தாழ்ந்த இடங்களிற் குறுக்கே மதகும் அமைதல் வேண்டும். மதகு போதாவிடின் வீதியே அணையாகி, ஒருபுறம் வெள்ளத்தைத் தேக்கிவிடும்.

இவ்விதி எங்கும் பொது. ஆயினும் ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய இடங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தீவுகளில் ஆறில்லை, நிலமோ தட்டையானது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையே ஆண்டு முழுமைக்கும் பெரும் முதல். அது சுண்ணக்கல் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பதடி வரை பரந்திருக்கும் என்பது கெய்பன், ஹேர்ஸ்பேர்க் என்னும் அறிஞர் இருவர் தனித்தனியே கண்ட கணக்கு. மேலே சிறிது குறைந்தாலும் கீழே உவர் பெரிதும் ஏறிவிடும்.

எனவே வீதியில் விழும் மழையை நேரே கடலுக்கு ஓட்டினால், வீதி பிழைக்கும்; கிணறு கெடும். வாய்க்காலை அயலிலுள்ள குளத்துக்குத் திருப்புவதே தக்க வழி. குளத்தின் வாயிலில் ஒரு குழி அமைத்து மண்டியைத் தங்கவிடுதல் நன்று. குடிநீர்க் கிணற்றுக்கு அருகில் அந்நீரை விடலாகாது. வெடிப்புள்ள கல் அழுக்கை வடிகட்டாது.

பண்ணைத் தாம்போதியிலும் புங்குடுதீவுத் தாம்போதியிலும் நிலைமை வேறு. அங்கே அலை கரையை அரிக்காதவாறு கல் அடுக்கவேண்டும். கடல்நீர் இருபுறமும் சென்றுவரத் திறப்புகளும் வேண்டும்.

பொறியியலாளர் வகுத்த வழியைக் காப்பது ஊரவர் பொறுப்பு. படலை வாசலுக்கென வாய்க்காலை மண்ணிட்டு மூடுவோர், அடியில் ஒரு குழாயேனும் பதித்தல் வேண்டும். ஐப்பசி பிறக்குமுன் மதகைத் துப்புரவு செய்யும் ஊரில், மாரியில் வீதியும் நிற்கும்; கோடையிற் கிணறும் இனிக்கும்.