உங்கள் காலுக்குள் இருக்கும் மூட்டின் பெயர் என்ன?

முழங்கால் மூட்டு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் வீட்டில் எழும் கேள்விகள் எல்லோருக்கும் தெரிந்தவை. எவ்வளவு ஆகும், இன்சூரன்ஸ் கிடைக்குமா, எத்தனை நாளில் நடக்கலாம், மாடிப்படி ஏறலாமா, தரையில் உட்காரலாமா. எல்லாமே நியாயமான கேள்விகள். ஆனால் உடம்புக்குள் வைக்கப்போகும் பொருள் எந்தக் கம்பெனியுடையது, எந்த மாடல், எத்தனை வருடமாகப் பயன்பாட்டில் இருக்கிறது என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. கேட்கலாம் என்றே பலருக்குத் தெரியாது. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற தயக்கம் வேறு.

அந்தத் தகவல் நோயாளியிடம் இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஏஎஸ்ஆர் இடுப்பு மூட்டு விவகாரம் காட்டிவிட்டது. அது ஜான்சன் அண்ட் ஜான்சன் குழுமத்தைச் சேர்ந்த டிப்யூ நிறுவனத்தின் தயாரிப்பு. தொடை எலும்பின் தலைக்கு உலோகப் பந்து, இடுப்புக் குழிக்கு உலோகக் கிண்ணம், இரண்டும் கோபால்ட்-குரோமியம் கலவை. பிளாஸ்டிக் தேயும், உலோகம் அப்படித் தேயாது, அதனால் வயது குறைந்தவர்களுக்கும் நெடுங்காலம் உழைக்கும் என்பதுதான் அந்த வகை மூட்டுகளின் விற்பனைப் பேச்சு. ஆனால் ஏஎஸ்ஆர் கிண்ணத்தின் ஆழம் குறைவு. பந்து கிண்ணத்தின் விளிம்பில் போய் உரசியது. உதிர்ந்த உலோகத் துகள்கள் சுற்றியிருந்த சதையை அரித்தன. கோபால்ட்டும் குரோமியமும் ரத்தத்தில் ஏறின.

2010 ஆகஸ்ட் 24 அன்று நிறுவனம் இந்த மூட்டை உலகம் முழுவதும் திரும்பப் பெற்றது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. பிரிட்டனின் மூட்டு மாற்றுப் பதிவேட்டின் கணக்குப்படி ஐந்தே ஆண்டுகளில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு அதை எடுத்துவிட்டு மறு அறுவை செய்ய வேண்டியிருந்தது. நிறுவனத்தின் உள் கணக்கு அதையும் தாண்டி 40 சதவீதத்தை நெருங்கியதாக 2013-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில் வெளிவந்தது.

இவ்வளவு பெரிய குறையுள்ள பொருள் எப்படி அனுமதி பெற்றது? அமெரிக்காவில் 2005-இல் ஏஎஸ்ஆரின் ஒரு வடிவத்துக்குக் கிடைத்த அனுமதி, 'ஏற்கெனவே சந்தையில் இருப்பதைப் போன்றதே' என்ற ஒப்பீட்டின் பேரில் தரப்பட்டது. மருந்துக்குச் செய்வதுபோல மனிதர்களிடம் தனிச் சோதனை நடத்தி நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அந்த வழியில் இருக்கவில்லை. அப்படியானால் முதலில் வைத்துக்கொண்ட நோயாளிகள்தான் சோதனைக்கு உட்பட்டவர்கள். அவர்களில் யாரும் அதற்குச் சம்மதம் தரவில்லை.

குறையை முதலில் பிடித்துக்காட்டியவற்றில் ஆஸ்திரேலியாவின் மூட்டு மாற்றுப் பதிவேடு முக்கியமானது. 1999-இல் தொடங்கிய அந்தப் பதிவேட்டில், நாட்டில் யாருக்கு எந்த மூட்டு வைத்தாலும் கம்பெனி, மாடல், லாட் எண் வரை ஏறிவிடும். அதே நபருக்கு மறு அறுவை நடந்தால் அதுவும் ஏறும். எந்த மாடலை எடுத்துவிட்டு மாற்றுவது அதிகம் என்று எண்களே சொல்லிவிடும். அங்கே 2009 டிசம்பரிலேயே ஏஎஸ்ஆர் சந்தையிலிருந்து விலகிவிட்டது. ஸ்வீடனில் முழங்கால் பதிவேடு 1975-இலேயே தொடங்கிவிட்டது. இந்தியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை நிபுணர்கள் சங்கம் 2006-இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. ஆனால் அதில் பதிவது மருத்துவரின் விருப்பம், கட்டாயம் இல்லை.

விளைவைப் பாருங்கள். இந்தியாவில் சுமார் 4,700 ஏஎஸ்ஆர் அறுவைகள் நடந்தன. மத்திய அரசு 2017-இல் அமைத்த நிபுணர் குழு அறிக்கை தந்த பிறகும், சுமார் 3,600 பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. ஏஎஸ்ஆர் நோயாளிகளுக்கான உதவி எண்ணில் பதிவு செய்தவர்கள் ஆயிரத்தைச் சற்றுத் தாண்டியவர்கள் மட்டும். மற்றவர்களில் எத்தனை பேர் இடுப்பு வலியை வயதின் வலி என்று நினைத்து மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்களோ. 2018 நவம்பரில் சுமார் 30 லட்சம் முதல் 1.23 கோடி ரூபாய் வரை இழப்பீடு என்று அரசு சூத்திரம் வகுத்தது. நிறுவனம் அதை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. ஆனால் தன் இடுப்புக்குள் இருப்பது ஏஎஸ்ஆர் என்று காகிதத்தால் காட்ட முடியாதவர் அந்த வரிசையில் நிற்கவே முடியாது. எனக்கு இந்த விவகாரத்தில் மிகவும் உறுத்துவது இதுதான்.

சரி, அந்தக் காகிதம் எது? மூட்டின் ஒவ்வொரு பாகமும் கிருமி நீக்கிய தனிப் பெட்டியில் வருகிறது. பெட்டிக்குள் சின்னச் சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். அறுவை அரங்கில் பெட்டியைப் பிரித்ததும் நர்ஸ் ஸ்டிக்கரை உரித்து நோயாளியின் ஃபைலில் ஒட்டுவார். அதில் தயாரிப்பாளர் பெயர், பாகத்தின் பெயர், அளவு, வலதா இடதா என்பது, 'ரெஃப்' என்ற மாடல் எண், 'லாட்' என்ற தொகுப்பு எண், காலாவதித் தேதி எல்லாம் இருக்கும். ஒரு முழங்காலுக்குத் தொடை எலும்புப் பாகம், கீழ்க்கால் எலும்புப் பாகம், நடுவே பிளாஸ்டிக் தகடு, சிலருக்கு முழங்கால் சில்லுக்கு ஒரு பொத்தான் என்று மூன்று அல்லது நான்கு ஸ்டிக்கர்கள் வர வேண்டும். எலும்பு சிமென்ட்டுக்கு இன்னொன்று. இரண்டு காலுக்கும் செய்தால் இரண்டு செட். இவை டிஸ்சார்ஜ் சம்மரியிலும் ஒட்டப்பட வேண்டும் என்று அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஒட்டியதும் போனில் படம் எடுத்து, பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள்.

ஆஸ்பத்திரி ஃபைலை நம்பி இருந்துவிட முடியாது. மருத்துவ ஆவணங்களை 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதுதான் 2002-ஆம் ஆண்டு மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை மருத்துவருக்கு விதித்திருக்கும் கடமை. மூட்டோ இருபது, இருபத்தைந்து வருடம் உள்ளே இருக்கப்போகிறது. அதே ஒழுங்குமுறை நோயாளிக்கு ஒரு நல்ல உரிமையும் தருகிறது: நீங்களோ உங்கள் சார்பில் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். எழுத்தில் கேளுங்கள், பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அறுவைக் குறிப்பு, மயக்க மருந்துக் குறிப்பு, எக்ஸ்ரே, கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம் எல்லாம் இதில் அடங்கும்.

பில்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017 ஆகஸ்ட் 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலை விதித்தது. அதுவரை சராசரியாக 1,58,324 ரூபாய்க்கு விற்ற கோபால்ட்-குரோமியம் மூட்டு 54,720 ரூபாய்க்கு வந்தது. ஆக்சிஜனேற்றம் செய்த சிர்கோனியம், டைட்டானியம் வகைகள் சுமார் இரண்டரை லட்சத்திலிருந்து 76,600 ரூபாய்க்கு இறங்கின. ஜி.எஸ்.டி. தனி. இறக்குமதியாளர், விநியோகஸ்தர், மருத்துவமனை என்று கைமாறும் வழியில் சராசரியாக 300 சதவீதத்துக்கு மேல் லாபம் ஏற்றப்பட்டதை ஆணையமே கண்டறிந்து சொன்னது. பிறகு இந்தக் கட்டுப்பாட்டின் காலக்கெடு நீட்டிக்கப்பட்டு வந்தது. இன்றைய உச்ச விலையை ஆணையத்தின் இணையதளத்திலோ 1800 111 255 என்ற கட்டணமில்லா எண்ணிலோ கேட்டுக்கொள்ளலாம்.

அந்த ஆணையில் பலரும் கவனிக்காத பகுதி ஒன்று உண்டு. மருத்துவமனை தன் பில்லில் முழங்கால் மூட்டின் விலையைத் தனியாகக் காட்ட வேண்டும். கூடவே பிராண்ட், தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், தொகுப்பு எண் ஆகியவற்றையும் எழுத வேண்டும். 'பேக்கேஜ்' என்று ஒரே வரியில் மொத்தத் தொகையைப் போட்டுத் தந்தால் அது போதாது. மூட்டின் விலை உச்ச விலையைத் தாண்டியிருந்தால் ஆணையத்திடம் புகார் தரலாம். அதிகம் வசூலித்ததை வட்டியுடன் கட்டவைக்க அதற்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் அறுவைக் கட்டணம், அறை வாடகை, ரோபோ கட்டணம் எதற்கும் இந்த ஆணையில் உச்சவரம்பு இல்லை. இடுப்பு மூட்டும் இதில் வராது. அதன் எம்.ஆர்.பி.யை 12 மாதத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற பொதுக் கட்டுப்பாடு மட்டுமே உண்டு.

'தங்க மூட்டு', 'முப்பது வருட மூட்டு' என்றெல்லாம் வரும் விளம்பரங்களைப் பற்றி நேராகவே சொல்லிவிடுகிறேன். தங்க நிறம் தங்கம் அல்ல. டைட்டானியம் நைட்ரைடு போன்ற ஒரு பூச்சு. நிக்கல் ஒவ்வாமை போன்ற பிரச்சினை உள்ளவர்களுக்கு அதை வைப்பதற்குக் காரணம் இருக்கலாம். மற்றவர்களுக்குச் சாதாரண மூட்டைவிட அது நெடுநாள் உழைக்கும் என்று காட்டும் உறுதியான நீண்டகாலச் சான்று இல்லை. சாதாரண மூட்டே நன்றாக உழைக்கிறது. பதிவேடுகளைத் தொகுத்து 2019-இல் லான்செட் இதழில் வெளிவந்த ஆய்வின்படி, முழு முழங்கால் மாற்றங்களில் சுமார் 82 சதவீதமும் இடுப்பு மாற்றங்களில் சுமார் 58 சதவீதமும் 25 ஆண்டு தாண்டியும் நிலைத்திருக்கின்றன.

புதுமையை நான் எதிர்க்கவில்லை. இடுப்பு மூட்டு மாற்று இன்று இவ்வளவு பேரை நடக்கவைக்கிறதென்றால், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி செய்த புதுமையால்தான். ஆனால் அவரே முதலில் டெஃப்ளான் கிண்ணம் வைத்தார். அது சில ஆண்டுகளில் தேய்ந்து, துகள் சுற்றிலும் வீக்கத்தை உண்டாக்கியது. அந்தப் பொருளைத் தன் தொடையிலேயே செலுத்திச் சோதித்துப் பார்த்தார். 1962-இல் பாலிஎத்திலினுக்கு மாறிய பிறகுதான் மூட்டு நிலைத்தது. தன் நோயாளிகளை விடாமல் தொடர்ந்து பார்த்ததால் அவருக்குத் தவறு தெரிந்தது.

ஆகவே அறுவைக்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது இது: "நீங்கள் வைக்கப்போகும் மாடல் எது, அதற்குப் பத்து வருடப் பதிவேட்டுத் தகவல் இருக்கிறதா சார்?" பிரிட்டனில் ஓடெப் என்ற குழு ஒவ்வொரு மாடலுக்கும் அது எத்தனை ஆண்டுச் சான்றுள்ளது என்று தரம் போடுகிறது, '10ஏ' என்றால் பத்தாண்டுச் சான்று. பத்தாண்டில் மறு அறுவை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அங்கே பின்பற்றப்படும் அளவுகோல். நல்ல அறுவை நிபுணர் இந்தக் கேள்வியை விரும்புவார். அளவெடுக்கும், வெட்டும் கருவிகள் பல இடங்களில் கம்பெனியிடமிருந்தே தட்டுகளில் வந்து போகின்றன; கம்பெனி ஆளும் அரங்கில் நிற்பார். அந்தக் கருவிகள் உங்கள் மருத்துவமனையிலேயே மறுபடியும் கிருமி நீக்கப்படுகின்றனவா என்றும் கேளுங்கள். கையெழுத்துப் போடும் படிவத்தைத் தமிழில் விளக்கச் சொல்வதும் உங்கள் உரிமை. பலன், ஆபத்து, மாற்று வழி ஆகியவற்றைப் போதிய அளவு சொல்லித்தான் ஒப்புதல் பெற வேண்டும் என்று 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

அறுவை முடிந்து நன்றாக நடந்துகொண்டிருந்தவருக்குத் தொடை இடுக்கில் புதிதாக வலி வந்தால், நொண்டல் திரும்பினால், மூட்டில் சத்தமோ வீக்கமோ இருந்தால், காயத்தில் நீர் கசிந்தால், காய்ச்சல் வந்தால் தள்ளிப்போடாதீர்கள். உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டு உள்ளவர்கள் ரத்தத்தில் கோபால்ட், குரோமியம் அளவைப் பார்க்க வேண்டும். பிரிட்டன் ஒழுங்குமுறை அமைப்பு 2010-இல் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமை எச்சரிக்கை அளவாக வைத்தது.

குறை மூட்டில் என்று தோன்றினால் முதலில் காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்துக்குத் தெரிவியுங்கள். மருத்துவக் கருவிகளால் வரும் பாதிப்புகளைச் சேகரிக்கும் திட்டம் 2015 ஜூலையிலிருந்து அங்கேதான் நடக்கிறது. கட்டணமில்லா எண் 1800 180 3024. மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் எழுதுங்கள். மறு அறுவை செய்வதாக இருந்தால், எடுக்கும் மூட்டைத் தூக்கி எறியாமல் பாதுகாத்துத் தர வேண்டும் என்று முன்கூட்டியே கடிதம் கொடுங்கள். வழக்கில் அதுவே முதல் சாட்சி.

நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வழிகள் உண்டு. சிகிச்சையில் அலட்சியம் என்றால் டாக்டர் மீதும் மருத்துவமனை மீதும். பொருளில் வடிவமைப்பு, தயாரிப்பு, எச்சரிக்கை எதில் குறை இருந்தாலும் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பொருள் பொறுப்புப் பிரிவின் கீழ் தயாரிப்பாளர் மீது. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான் என்று 1995-ஆம் ஆண்டு சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு சொல்கிறது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனை இந்தச் சட்டத்துக்குள் வராது. அங்கே உரிமையியல் நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோதான் வழி. காலக்கெடு 2 ஆண்டு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம். வழிகாட்ட நுகர்வோர் உதவி எண் 1915, இலவச சட்ட உதவிக்கு 15100.

2010-க்கு முந்தைய சில ஆண்டுகளில் இடுப்பு மூட்டு மாற்றியவர் உங்கள் வீட்டிலோ உறவிலோ இருந்தால், இந்த வாரமே பழைய ஃபைலை எடுத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். ஏஎஸ்ஆர் என்றோ டிப்யூ என்றோ இருந்தால், வலி இல்லாவிட்டாலும் ஒரு எலும்பு மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு இயக்குநருக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்கள்.