ஐந்தருவி சீசனும் ஒரு மாத வங்கிப் பயிற்சியும்

மே மாதக் கடைசி வந்துவிட்டால் எங்கள் சித்தப்பாவுக்கு வானத்தைப் பார்ப்பதே வேலை. ஐந்தருவிக்குப் போகிற வழியில் அவருக்குப் பழக்கடை. மலைப்பக்கம் மேகம் கறுத்து, சாரல் விழுந்து, ஐந்து கிளைகளிலும் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தால்தான் அவருக்கு வருஷமே தொடங்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை ஓடுவதுதான் ஓட்டம். ஆனால் ரம்புட்டானும் மங்குஸ்தானும் கடைக்கு வர, முதலில் கையில் பணம் வேண்டும். அந்தப் பணம் இத்தனை வருஷமாகத் தண்டல்காரரிடம் இருந்துதான் வந்தது.

அவருடைய மகள் பி.காம். படிக்கிறாள். இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, தென்காசிப் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் ஒரு மாத இன்டர்ன்ஷிப் போனாள். மே நடுவில் சேர்ந்து ஜூன் நடுவில் முடித்தாள். பெயரைப் போடக் கூடாது என்ற நிபந்தனையோடு அவள் சொன்னதுதான் இந்தக் கட்டுரை. வங்கியில் பயிற்சிக்குப் போக நினைக்கும் மாணவர்களுக்கும், சீசனை நம்பிக் கடை வைத்திருக்கும் வீடுகளுக்கும் இதில் விஷயம் இருக்கிறது.

முதல் வாரம்: பாஸ்புக் பிரிண்டர்

ஃபைனான்ஸ் இன்டர்ன்ஷிப் என்றதும் பங்குச்சந்தை, முதலீடு என்று என்னவெல்லாமோ நினைத்துக்கொண்டு போயிருக்கிறாள். முதல் நாள் கொடுத்த வேலை, பாஸ்புக் பதிய வந்தவர்களுக்கு மெஷினைக் காட்டிக் கொடுப்பது. அடுத்து சலான் எழுதிக் கொடுப்பது, கே.ஒய்.சி. படிவத்தில் எங்கே கையெழுத்து என்று சொல்வது. “இதுக்கா அக்கா ரெண்டு வருஷம் அக்கவுண்ட்ஸ் படிச்சேன்?” என்று இரவில் போன் போட்டுப் புலம்பினாள்.

காரணம் இருக்கிறது. பயிற்சி மாணவருக்கு வங்கியின் கணினி அமைப்பில் நுழைய லாகின் கிடையாது. வாடிக்கையாளரின் கணக்கு விவரம் ரகசியம். அதைத் திறந்து பார்க்க அனுமதி இல்லை. வங்கி ஊழியர்களுக்கே கட்டுப்பாடு உண்டு. ஒருவர் பதிவு செய்தால், இன்னொருவர் சரிபார்த்து ஒப்புதல் தர வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்ய முடியாது. மாலையில் கவுன்டரில் இருக்கும் பணமும் கணினிக் கணக்கும் ஒத்துப்போகும் வரை கேஷியர் வீட்டுக்குக் கிளம்ப முடியாது என்பதை அவள் நேரில் பார்த்தாள். ‘உள்கட்டுப்பாடு’ என்று பாடப்புத்தகத்தில் நாலு பக்கம் படித்தது அன்றைக்குத்தான் புரிந்ததாம்.

கடன் மேசைக்கு எதிரே

இரண்டாவது வாரம் கடன் அதிகாரியின் பக்கத்தில் ஒரு நாற்காலி கிடைத்தது. மே கடைசியில் அந்த மேசைக்குக் கூட்டம் வரும். சிப்ஸ் கடை, எண்ணெய் மசாஜ், தங்கும் விடுதி, பொம்மைக்கடை என்று சீசனுக்குச் சரக்கு எடுப்பவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வருவார்கள். அதிகாரி எல்லாரிடமும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்டார். வியாபாரம் நடக்கிறது என்பதற்கு என்ன ஆதாரம்? பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது? முன்னால் வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள்?

இரண்டாவது கேள்வியில்தான் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்தப்பா கடையில் ஒட்டியிருக்கும் யுபிஐ கியூஆர் அட்டை அவள் பெயரில் இருக்கிறது. ஸ்மார்ட்போன் அவளிடம்தானே! மூன்று வருஷமாகக் கடை வரவு முழுக்க மகளுடைய சேமிப்புக் கணக்குக்குப் போயிருக்கிறது. புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 வருவதும் அதே கணக்குதான். வங்கியின் பார்வையில் சித்தப்பாவுக்கு வியாபாரமே இல்லை. வரவெல்லாம் கல்லூரி மாணவிக்கு.

இது நம் ஊரில் நிறைய வீடுகளில் நடப்பதுதான். கியூஆர் அட்டை கடைக்காரர் பெயரில், தொழிலுக்கென்று தனிக் கணக்கில் இருக்கட்டும். தொழில் வரவு அதிகமென்றால் நடப்புக் கணக்குதான் சரி. கூடவே ‘உத்யம்’ பதிவையும் முடித்துவிடுங்கள். ஆதார் வைத்து இணையத்தில் செய்யும் பதிவு அது. அரசுக் கட்டணம் எதுவும் இல்லை.

தண்டல் கணக்கு

கிளையின் வாடிக்கையாளர் விவரத்தைப் பயிற்சி அறிக்கைக்குப் பயன்படுத்த முடியாது என்பதால், மேலாளர் அவளை வெளியே அனுப்பினார்: கடைகளில் போய்க் கேட்டு, சீசன் வியாபாரிகளின் பணவரவு பற்றி எழுதச் சொன்னார். படகுக் குழாமில் இருந்து ஐந்தருவி வரை பத்துப் பன்னிரண்டு கடைகளில் நோட்டும் கையுமாக நின்றிருக்கிறாள். கடைசியாக அப்பாவிடமும் கேட்டாள்.

சித்தப்பா சொன்ன கணக்கு இது. ரூ.10,000 தண்டல் என்றால் கையில் கிடைப்பது ரூ.8,500. தினமும் ரூ.100 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். “ஆயிரத்தைந்நூறு ரூபாதானம்மா வட்டி, பதினஞ்சு சதவீதம்” என்றார். அவள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தாள். முதல் நாளில் இருந்தே அசல் குறைந்துகொண்டு வருகிறது. 8,500 முழுசாக நூறு நாளும் அவர் கையில் இருப்பதில்லை. அப்படிப் பார்த்தால் ஆண்டு வட்டி சுமார் 120 சதவீதம். “அப்பா ரொம்ப நேரம் பேசலக்கா. அப்புறம் கடையைச் சாத்தப் போயிட்டாங்க.”

சரி, வங்கிக் கடன் என்றால் எந்தக் கடன்? அவளுடைய அறிக்கையின் சாரம் இதில்தான் இருக்கிறது. ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டியில் மூன்று வருஷத் தவணைக் கடனாக எடுத்தால், மாதத் தவணை சுமார் ரூ.3,321. ஜூலையில் அது ஒன்றுமே இல்லை. ஆனால் மார்ச்சில் அருவியில் தண்ணீரும் இல்லை, கடைக்கு ஆளும் இல்லை, தவணை மட்டும் வரும். மழை அதிகமாகி வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். அன்றைக்கும் கல்லா காலிதான். இரண்டு தவணை தவறினால் கடன் மதிப்பெண் சரியும். அடுத்த சீசனுக்குக் கேட்கும்போது ‘முன்னால் எப்படிக் கட்டினீர்கள்’ என்ற அந்த மூன்றாவது கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

சரக்குக்கு என்று தனியாக இருப்பது ‘கேஷ் கிரெடிட்’. சுருக்கமாக சி.சி. என்பார்கள். வங்கி ஒரு வரம்பு நிர்ணயிக்கும். தேவைப்படும்போது எடுத்து, வியாபாரம் நடக்கும்போது திருப்பிப் போடலாம். எடுத்த பணத்துக்கு, எடுத்து வைத்திருந்த நாள்களுக்கு மட்டும் வட்டி. அதே ஒரு லட்சத்தை மூன்று மாதம் வைத்திருந்து முழுசாகத் திருப்பினால் வட்டி ரூ.3,000 அளவில் முடிந்துவிடும். ஆனால் பாக்கியை அப்படியே விட்டுவிட்டு இருக்க முடியாது. வட்டிக்கு ஈடான பணம்கூட 90 நாள் கணக்கில் வராவிட்டால் அது வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும்.

முத்ரா திட்டத்தில் இந்த வகைக் கடனும் உண்டு. ரூ.50,000 வரை ‘சிசு’ பிரிவு. சிறு தொழில்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. முதல்முறை கடன் கேட்பவருக்குக் கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காக விண்ணப்பத்தைத் தள்ளக் கூடாது என்றும் வங்கிகளுக்கு அறிவுறுத்தல் இருக்கிறது. பேரூராட்சி, நகராட்சிப் பகுதித் தெருவோர வியாபாரிகளுக்கு பி.எம். ஸ்வநிதி திட்டமும் இருக்கிறது. முதல் கடன் ரூ.15,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து ரூ.25,000, பிறகு ரூ.50,000. வியாபாரி அடையாள அட்டை அல்லது உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் வேண்டும்.

எந்தக் கடனாக இருந்தாலும் கையெழுத்துக்கு முன் முக்கிய விவரங்களைச் சொல்லும் தாளைக் கேட்டு வாங்குங்கள். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு எவ்வளவு சதவீதம் ஆகிறது என்று அதில் ஒரே எண்ணாக இருக்கும். தண்டலோடு ஒப்பிட அந்த எண் போதும்.

மாணவர்கள் எப்படிச் சேரலாம்?

அவள் சேர்ந்தது சாதாரண வழியில்தான். கல்லூரியின் கடிதம், அடையாள அட்டை, கிளை மேலாளர் வழியாக மண்டல அலுவலக அனுமதி. உதவித்தொகை கிடையாது; சான்றிதழ் உண்டு. சேரும் முன்பே என்ன வேலை, எத்தனை நாள், சான்றிதழ் யார் தருவார்கள் என்று எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் கலை, அறிவியல் கல்லூரி மாணவர்களுக்கு வங்கி, நிதி, காப்பீட்டுத் துறைப் படிப்புகள் இருக்கின்றன. உங்கள் கல்லூரி ஒருங்கிணைப்பாளரைக் கேளுங்கள். முதுநிலை, சட்டம் போன்றவை படிப்பவர்களுக்கு ரிசர்வ் வங்கியின் கோடைக்காலப் பயிற்சி உண்டு. ஏப்ரல் முதல் ஜூலை வரை, மாதம் ரூ.20,000. பிரதமரின் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் பலர் ஏமாறுவது ஓர் இடத்தில்: முழுநேரமாகக் கல்லூரியில் படிப்பவர்கள் எல்லாரும் அதற்கு விண்ணப்பித்துவிட முடியாது. பொதுத்துறை வங்கிகள் பட்டதாரிகளை ஓராண்டுக்கு எடுக்கும் ‘அப்ரன்டிஸ்’ பயிற்சி வேறு. அது 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடப்பது, உதவித்தொகை உண்டு, ஆனால் நிரந்தர வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

வாட்ஸ்அப்பில், டெலிகிராமில் ‘வங்கி இன்டர்ன்ஷிப், பதிவுக் கட்டணம் ரூ.999’ என்று வந்தால் தொடவே வேண்டாம். அதைவிட மோசமானது ஒன்று உண்டு. ‘உங்கள் அக்கவுண்ட்டில் பணம் வரும், எடுத்துக் கொடுத்தால் கமிஷன்’ என்பார்கள். அது யாரிடமோ திருடிய பணம். போலீஸ் முதலில் வந்து நிற்பது கணக்கு வைத்திருக்கும் மாணவர் வீட்டு வாசலில்தான். பணம் போய்விட்டாலோ, இப்படிச் சிக்கிவிட்டாலோ உடனே 1930 எண்ணுக்கு அழையுங்கள். வங்கிச் சேவையில் குறை என்றால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், தகவலுக்கு 14448.

சித்தப்பா கடன் என்ன ஆயிற்று?

ஜூன் முதல் வாரம் சித்தப்பா விண்ணப்பித்தார். மகள் அந்தக் கிளையில் பயிற்சியில் இருக்கிறாள் என்பதற்காக எதுவும் முன்னால் நகரவில்லை, நகரவும் கூடாது. அவர் பெயரில் கணக்கு வரவு இல்லாததால், கேட்ட 50,000-க்குப் பதில் ரூ.30,000 சி.சி. வரம்பு ஒப்புதலாயிற்று. அதுவும் ஜூலை நடுவில். பாதி சீசன் முடிந்திருந்தது, மே மாதத் தண்டலும் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தைக் கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வரும் நாள்களுக்கு வைத்துக்கொண்டார்.

கியூஆர் அட்டை இப்போது சித்தப்பா பெயரில் இருக்கிறது. வரம்பைக் கூட்டிக் கேட்பதற்கான மனுவை இந்த முறை பிப்ரவரியிலேயே கொடுப்பதாகத் திட்டம். தங்கை கல்லூரியில் அறிக்கையைக் கொடுத்துவிட்டாள். அதன் ஒரு நகல் கடையில், தராசுக்குக் கீழே இருக்கிறது. தண்டல் கணக்குப் பக்கத்தை மட்டும் பக்கத்துச் சிப்ஸ் கடைக்காரர் போனில் படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.