புயலும் போர் விமானமும்

ஏழாயிரம்பண்ணைப் பட்டாசுத் தொழிலாளருக்கு வானிலையின் அதிகாரத்தை எவரும் போதிக்க வேண்டுவதில்லை. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் ஈரம் பட்டால் அது தானே சூடேறும் என்பதை அவர்கள் அறிவர். வானத்தைப் பார்த்த பின்பே மருந்தைத் தொடுவது அறிந்தோர் வழக்கம். தேசத்தின் போர் விமானங்களும் இந்நியதிக்கு உட்பட்டவையே.

15 டிகிரியிலுள்ள காற்று 40 டிகிரிக்கு ஏறினால் அதன் அடர்த்தி நூற்றுக்கு 8 பங்கு குறைகின்றது. அப்போது விமானம் ஓடுபாதையில் அதிக தூரம் ஓட வேண்டும்; இல்லையேல் சுமையைக் குறைக்க வேண்டும். மின்னல் நெருங்கினால் எண்ணெய் நிரப்புவதையும் ஆயுதம் பூட்டுவதையும் நிறுத்த வேண்டும்.

இதையுணர்ந்தே அமெரிக்கர் 1947-இல் புளோரிடாவில் ஒரு பெருங்கூடம் அமைத்து, அதனுள் உறைபனியையும் பாலைவன வெப்பத்தையும் உண்டாக்கி விமானங்களைச் சோதிக்கத் தொடங்கினர். நமது தேஜஸ் விமானமும் 2015-இல் லே நகரின் கடுங்குளிரில் இரவு முழுவதும் நிறுத்தப்பட்டுச் சோதிக்கப்பட்டது. ஆனால் விமானம் தேறினால் மட்டும் போதுமா? தளமும் தேற வேண்டாமா?

2004 டிசம்பர் 26-இல் கார்நிக்கோபார் விமானப்படைத் தளத்தைக் கடல் விழுங்கிற்று. 100-க்கும் மேற்பட்ட படையினரும் குடும்பத்தாரும் மாண்டனர். 2015 டிசம்பரில் வெள்ளத்தால் சென்னை விமான நிலையம் மூடப்பட்டபோது, அரக்கோணம் கடற்படைத் தளமே பிரயாணிகளுக்குக் கைகொடுத்தது. 2018-இல் கஜா புயல் தஞ்சைச் சீமையைச் சூறையாடிற்று. அதே தஞ்சாவூரில் 2020-இல் சுகோய்ப் படைப்பிரிவு அமைக்கப்பட்டது.

ஆகவே கம்ப்யூட்டரில் ஒரு தளத்தையே அமைத்து, அதன்மீது ஆயிரம் முறை புயலை வீசச்செய்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை விமானங்கள் எழும்பும் என்று கணக்கிடும் முறை மிகவும் அவசியமானது. ஓடுபாதையில் தேங்கும் நீர், சாலையில் சாய்ந்த மரம், வீடு மூழ்கியதால் வேலைக்கு வர இயலாத மெக்கானிக் ஆகிய யாவும் அக்கணக்கில் இடம்பெற வேண்டும். அந்நிய நாட்டுப் பனியின் கணக்கு நமது ஐப்பசி மழைக்கு உதவாது.

ஒன்று மட்டும் வற்புறுத்துவோம். மேலதிகாரியின் மனம் குளிர, ஆயத்தமாகாத விமானத்தை ஆயத்தமென்று எழுதினால், யந்திரம் அப்பொய்யையே ஆயிரம் முறை திருப்பிச் சொல்லும். மருந்துக் கிடங்கில் பொய்க்கணக்கு எழுதுபவன் அறையோடு எரிவான். படைத்தளத்தில் எழுதப்படும் பொய்க்கணக்கின் கடனைத் தேசமே செலுத்த நேரும். உண்மையை எழுதும் சிப்பந்தியைச் சர்க்கார் தண்டியாது காக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.