குமரப் பருவத்தினின்று வாலிபத்திற்கு: உளநலம் பேணும் நெறி

நோயின்மை மட்டுமே உளநலம் ஆகிவிடாது. தன் திறமையை உணர்தல், வாழ்வில் இயல்பாக நேரும் இடுக்கண்களைத் தாங்குதல், பயனுற உழைத்தல், சமூகத்திற்கு இயன்றதைச் செய்தல் ஆகியவை கூடிய நிலையே உளநலம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்தாகும். உளவியல் அறிஞர் மரீ யஹோடா 1958-இல் வெளியிட்ட நூலில், தன்னை உள்ளவாறு ஏற்றல், தானே முடிவு செய்தல், உண்மை நிலையை உணர்தல், சூழ்நிலையை ஆளுதல் முதலியவற்றை இதன் கூறுகளாக வகுத்தார். இவை பழக்கத்தால் வளர்வன. வளர்வதற்குரிய காலம் குமரப் பருவமும் அதனையடுத்த சில ஆண்டுகளுமே.

இப்பருவத்தின் இயல்பு யாது? உணர்ச்சிகளைக் கிளர்த்தும் மூளைப் பகுதிகள் முந்தி விழிப்புறுகின்றன. முன்யோசனைக்கும் தன்னடக்கத்திற்கும் இடமான நெற்றிப்புற மூளையோ, ஏறத்தாழ 25 வயது வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஆதலின், இளைஞரின் படபடப்பை ஒழுக்கக் கேடு எனக் கொள்ளுதல் பொருந்தாது. பூப்பிற்குப் பின் உறக்கம் வரும் நேரமும் இரவில் பிந்துகிறது. எனினும் 13 முதல் 18 வயதினருக்கு நாள்தோறும் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை. தேர்வை முன்னிட்டு அதனைக் குறைத்தல் நினைவாற்றலையே குறைக்கும்.

2015-16-இல் நடைபெற்ற தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினருள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேற்பட்டோரிடம் மனநலக் குறைபாடு காணப்பட்டது. இவர்கள் பள்ளியில் இருக்கும்வரை ஆசிரியர் பார்வையில் இருப்பர். பள்ளிப் படிப்பு முடிந்ததும் சிலர் கல்லூரி விடுதிக்கும், சிலர் வேலைக்கும், பெண்கள் பலர் திருமணத்திற்கும் செல்கின்றனர். பழைய துணை நீங்கிப் புதிய துணை அமையாத இந்த இடைவெளியே அபாயமானது.

ஆகவே கவனிக்க வேண்டுவன சில. முதலாவது, சிறு பொறுப்புகளை ஒப்படைத்து, முடிவு செய்யும் பயிற்சி அளித்தல். இரண்டாவது, தோல்வியைப் பழித்துரையாமல் அடுத்த வழியைச் சேர்ந்து ஆராய்தல். மூன்றாவது, பள்ளி விடுமுன் ஒவ்வொருவருக்கும் நம்பிப் பேசத்தக்க பெரியவர் ஒருவரேனும் உளரா என அறிதல். நான்காவது, இரண்டு வாரத்திற்கு மேல் நீடிக்கும் ஒதுக்கம், உறக்கக் கேடு, நம்பிக்கையின்மை ஆகியவற்றைக் கண்டால் மருத்துவ உதவிக்கு வழிகாட்டுதல். அமைதியான மாணவன் நலமாகவே இருக்கிறான் என்று கொள்ளலாகாது.

தற்கொலை எண்ணம் உண்டா என நேராகக் கேட்டால் அவ்வெண்ணம் தோன்றிவிடும் என அஞ்சுவோர் உளர். இது தவறு. பரிவோடு கேட்பது பாரத்தைக் குறைக்கும். உதவிக்கு வழி திறக்கும். எண்ணம் உண்டெனத் தெரிந்தால் அவரைத் தனியே விடாது உடனே மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். 2022 அக்டோபர் 10-இல் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலும் அழைக்கலாம். இவ்வெண்ணை வகுப்பறையிலும் சுகாதார நிலையத்திலும் அனைவரும் காண எழுதி வைத்தல் நலம்.