ஒரே மருந்தும் பல உடல்களும்

ஒரே வயதும் ஒரே எடையும் ஒரே நோயும் உடைய இருவர்க்கு ஒரே அளவான மருந்து கொடுக்கப்படுகின்றது. ஒருவர் நலமடைகின்றார், மற்றவர்க்கோ அம்மருந்தே புதியதொரு துன்பமாய் முடிகின்றது. இவ்வேற்றுமையை நம் முன்னோர் உடல்வாகு என்னும் சொல்லால் குறித்தனர். அவ்வுடல்வாகின் ஒரு பகுதி பெற்றோரிடமிருந்து வழிவழி வரும் மரபணுக்களில் அமைந்துள்ளது என்பதை இக்காலச் சாஸ்திரம் தெளிவாக்கியுள்ளது. அதனைச் சிறிது ஆராய்வோமாக.

நம் திண்டுக்கல் சமவெளிக்குப் பெயர் தந்த பயிர்களுள் புகையிலையும் ஒன்று. வேடசந்தூரில் அதற்கென ஓர் ஆராய்ச்சி நிலையமே அமைந்தது. அச்செடி தன் இலைகளில் நிகோட்டின் என்னும் நஞ்சைச் சேர்த்து வைப்பது, மாந்தர் சுருட்டுப் பிடித்து மகிழ்வதற்கன்று. இலை தின்னும் பூச்சிகளை விலக்குதற்கேயாம். இவ்வாறே பல செடிகளும் தத்தம் நஞ்சுகளைக் கொண்டுள்ளன. இலையும் வேரும் கனியும் உண்டு வாழ்ந்த உயிர்களின் ஈரலில், அந்நஞ்சுகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதிகள் நெடுங்காலமாக உருவாகி வந்தன. இன்று நாம் விழுங்கும் மாத்திரை ஈரலுக்குப் புதிய விருந்தாளி. ஆயினும் அதனை எதிர்கொள்பவை அப்பழைய ஏவலாளரேயாவர். இவர்கள் எல்லா உடல்களிலும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பதே நம் விஷயத்தின் உயிர்நாடி.

இதற்குச் சிறந்த சான்று நம் தமிழ்நாட்டிலேயே கிடைத்தது. ஐசோநியாசிட் என்னும் மருந்து காசநோயை வெல்ல வல்லது என 1952-இல் அறியப்பட்டது. 1956-இல் சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சைக்கென ஓர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. நோயாளிகள் சானடோரியத்திற்குச் செல்லாது தம் வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என அந்நிலையம் 1959-இல் வெளியிட்ட முடிவு உலகப் புகழ் பெற்றது. அதே நிலையத்தார் வேறொன்றையும் கண்டனர். ஐசோநியாசிட்டை ஈரலிலுள்ள ஒரு நொதி அசிட்டைல் என்னும் கூற்றைச் சேர்த்துச் செயலறச் செய்கின்றது. சிலர் உடலில் இது விரைந்தும், சிலர் உடலில் மெதுவாகவும் நிகழும். தென்னிந்தியரில் ஏறக்குறைய நூற்றுக்கு அறுபதின்மர் மெதுவாகச் சிதைப்போர். ஜப்பானியரிலோ பத்தில் ஒருவர் அளவினரே அத்தகையோர்.

இவ்வேற்றுமையால் விளைவது யாது? மெதுவாகச் சிதைப்போர் உடலில் மருந்து நெடுநேரம் தங்குகின்றது. ஆகவே அளவு மிகுந்தவிடத்து, கைகால் எரிச்சலும் மரமரப்பும் தரும் நரம்பு நோய் பெரும்பாலும் அவர்களையே பற்றுகின்றது. பைரிடாக்சின் என்னும் வைட்டமினைச் சேர்த்துக் கொடுத்தால் அதனைத் தடுக்கலாம். விரைந்து சிதைப்போர்க்கோ வேறு இடர். நாள்தோறும் மருந்துண்ணுங்கால் அவர்கள் குறைவின்றிக் குணமடைந்தனர். ஆனால் வாரம் ஒருமுறை மட்டும் மருந்தளித்த முறையில் அவர்கள் பின்தங்கினர். கால் எரிச்சல் தாளாது மருந்தை நிறுத்துவோரிடம் நோய் திரும்பவும், அவர் வீட்டாரைப் பற்றவும் கூடுமாதலின், இஃது ஏட்டளவில் நிற்கும் வேற்றுமையன்று; உயிரைத் தொடுவது.

இனி, இவ்வேற்றுமை நாட்டுக்கு நாடு மாறுவது ஏன்? வேட்டையாடி வாழும் குடிகளைவிட, உழுதும் கால்நடை வளர்த்தும் வாழும் குடிகளிடம் மெதுவான வகை மிகுதியாகக் காணப்படுகின்றது. உழவு தோன்றியபின் உணவு மாறவே, அம்மாற்றத்திற்கு இசைந்த வகையை இயற்கைத் தெரிவு பெருகச் செய்திருக்கலாம் என அறிஞர் சிலர் கருதுகின்றனர். எவ்வாறாயினும் மருந்து இவ்வேற்றுமையைப் படைக்கவில்லை. முன்னரே இருந்ததை வெளிப்படுத்திற்று. புகையிலையும் அவ்வாறே. நிகோட்டினைச் சிதைக்கும் வேகமும் ஆளுக்கு ஆள் வேறுபடும்; ஆனால் அமெரிக்காவில் தோன்றிய அச்செடி நம் நாடு புகுந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகளே ஆயின. மரபணுவின் கணக்கில் அது நேற்று.

எல்லா வேற்றுமைக்கும் இயற்கைத் தெரிவே காரணம் எனவும் கொள்ளலாகாது. அறுவைச் சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தச் சக்சினைல்கோலீன் என்னும் மருந்தைச் செலுத்துவர். அதன் வேலை சில நிமிடங்களில் ஓய்ந்துவிடும். ஆனால் ஆரிய வைசிய சமூகத்தாருள் சிலர்க்கு அதனைச் சிதைக்கும் நொதி குன்றியிருப்பதால், மூச்சு நெடுநேரம் திரும்புவதில்லை. அதுவரை கருவியால் மூச்சளித்துக் காக்க வேண்டும். இதற்குரிய மரபணு மாற்றம் ஒன்றைக் கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர் பிறநாட்டு அறிஞருடன் கூடி 2006-இல் வெளியிட்டனர். முன்னோர் சிலரிடம் இருந்த மாற்றம், தலைமுறைதோறும் தம்முள்ளேயே மணம் கொண்டதனால் பெருகியது என்பதே பொருத்தமான விளக்கம். இதில் உயர்வுமில்லை, இழிவுமில்லை. ஒரு மருந்துக்கு வலியதாயிருக்கும் உடல் மற்றொன்றுக்கு மெலியதாகலாம்.

மேலும், நூற்றுக்கு அறுபதின்மர் என்பது கூட்டத்தின் கணக்கு. நம் எதிரே அமர்ந்திருக்கும் நோயாளி எவ்வகையினர் என்பதை அக்கணக்கு கூறாது. நோயாளியையும் நோயையும் காலத்தையும் அளந்து செய்க என மருத்துவனுக்குத் திருக்குறள் அறிவுறுத்துவது இங்கு நினைக்கத்தக்கது. மாணவ நண்பர்களே, நமக்கு நலம் செய்த மாத்திரையை அன்பினாலும் அயலார்க்கு எடுத்துக் கொடாதிருப்போம். மருந்தினால் நேர்ந்த துன்பத்தை மறையாது மருத்துவரிடம் உரைப்போம். மயக்கமருந்தினால் உறவினர் எவரேனும் இடருற்றிருப்பின், அதனை அறுவைச் சிகிச்சைக்கு முன்னரே தெரிவிப்போம். ஒரு சொல் ஓர் உயிரைக் காக்கக்கூடும்.